412 கிராம்

ஜூலை 15, செவ்வாய்
கம்பளி நூல் ஐந்து சிட்டம். அடுப்படித் தராசில் 412 கிராம். இறக்கி மறுபடி வைத்தேன், 411. அப்பாவின் முழுக்கை ஸ்வெட்டருக்கு எப்படியும் 500 வேண்டும்.

ஜூலை 16
மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தேன், 10 செ.மீ.க்கு 17 கண்ணி, அலசிக் காய்ந்த பிறகு 16. உடனே பிரித்து உருண்டையில் சுற்றிவிட்டேன். அந்த 9 கிராமை விட மனசில்லை.

ஜூலை 19, சனி
டயாலிசிஸ். அப்பா எடை 2.9 கிலோ ஏறியிருந்தது. தண்ணீர் குடித்ததை மறைக்கிறார், தராசு மறைக்குமா? நான்கு மணி நேரமும் அந்த ஏசிக்குக் கீழே நடுக்கம், இரண்டு போர்வை போட்டும் நிற்கவில்லை. ஆடி மாசத்தில் ஸ்வெட்டரா என்று பெரியம்மா சிரித்தார். அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை.

ஜூலை 22
கழுத்திலிருந்து கீழே இறங்குகிறேன், நூல் தீர்ந்தால் நீளத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஒரு சிட்டம் பால் வெள்ளை, இன்னொன்று சந்தன நிறம், அதனால் இரண்டு வரிசைக்கு ஒரு தடவை மாற்றி மாற்றிப் பின்னுகிறேன். மெலிந்த இடத்தில் அறுந்தால் முடிச்சு இல்லை, இரண்டு முனையையும் பிரித்து எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்கிறது. நூலுக்குள் ஒரு புல் துணுக்கு சிக்கியிருந்தது. கோத்தகிரிப் புல். எடுக்கவில்லை.

ஜூலை 24
2.4. பரவாயில்லை.

ஜூலை 27
அண்ணன் வந்தான். பனியன் கம்பெனிக்காரனுக்கு நூல் என்றால் கோன் கணக்கு. "கடையில உல்லன் வாங்கிச் சேர்த்துக்க" என்றான். கடை உல்லன் பாதிக்கு மேல் அக்ரிலிக், வெறும் வழவழப்பு. இங்கே உள்ள மேச்சேரி ஆட்டுக்கு முடிதான், கம்பளி கிடையாது. குரும்பை ஆட்டு ரோமம் முரடு, போர்த்துகிற கம்பளிக்குச் சரி, அப்பா கழுத்தில் பட்டால் அரிக்கும். அம்மா நூற்றது நீலகிரி ஆட்டு ரோமம். இனி நூற்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன், குரல் கொஞ்சம் அதிகம்தான். அவன் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான்.

ஜூலை 29
163 மிச்சம். இடுப்பு வரை வந்தாயிற்று. கை ஒன்றுக்கு 72 என்றால் கீழ்ப்பட்டிக்கு 19. போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திரும்பவும் நிறுத்தேன்.

ஜூலை 31, வியாழன்
சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினால் இறுக்கக் கூடாது என்று சிஸ்டர் திட்டினார். டயாலிசிஸ் ஊசி ஏறும் அப்பாவின் அந்த இடது கையில் விரல் வைத்தால் ரத்தம் கிர்ர் என்று ஓடுகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் உறைத்தது: இடது கை முழங்கைக்கு மேலேயே நின்றால் போதுமே! சுருட்டவும் வேண்டாம், 40 கிராம் மிச்சம். வீடு வரைக்கும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 2
அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு கையும் முழுசா வெச்சுரு அம்மிணி. நாலு பேரு பாக்கற மாதிரி போட்டுட்டுப் போக வேண்டாமா?"
எங்கே போகப் போகிறார் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு
பெரியம்மா வீட்டில் எல்லாரும் அமராவதிக்குப் போனார்கள். நாங்கள் போகவில்லை. வெளியே துணி பறக்கிற காற்று. மத்தியானம் அப்பா அரை டம்ளர் தண்ணீர் கேட்டார், கால் டம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

ஆகஸ்ட் 5
3.4.

ஆகஸ்ட் 6
வலது கை முடிந்தது. மிச்சம் 90. இடது கைக்குக் கண்ணிகளை ஊசியில் ஏற்றி வைத்திருக்கிறேன்.