மாங்கன்று நர்சரியின் இணையதளத்தை ஐபிவி6-க்குக் கொண்டுவந்த அனுபவம்

ஆடி பிறந்து இரண்டு மழை விழுந்துவிட்டால் சந்தூர்ப் பக்கத்து நர்சரிகளில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. பெங்களூரா, நீலம், செந்தூரா, இமாம் பசந்த் என்று ஒட்டுக்கன்று கேட்டு லாரியோடு வந்து நிற்பார்கள். பெரியப்பாவின் நர்சரிக்கு ஓர் இணையதளம் உண்டு. டொமைன், அதாவது தளத்தின் பெயர், பதிவாகியிருப்பது அவர் பெயரில்; பராமரிப்பு என் தலையில். முன்பதிவுப் படிவம்தான் அதன் உயிர்.

போன பருவத்தில் அந்தப் படிவம் சிலருக்கு மட்டும் திறக்க மறுத்தது. அரூர், பாலக்கோடு பக்கத்திலிருந்து கைப்பேசியில் பார்த்தவர்கள் ‘அனுமதி இல்லை’ என்று வருவதாகச் சொன்னார்கள். “ஏம்ப்பா, கன்று வேண்டாம் என்று நாமே விரட்டுகிறோமா?” என்று பெரியப்பா கேட்டார். கிருஷ்ணகிரியில் என் மேசையில் தளம் நன்றாகத்தான் திறந்தது.

சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. பொய்யான முன்பதிவுகளால் அலுத்துப்போய், ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு கருவியைக் காட்டும் எண்) அளவுக்கு மேல் கோரிக்கை வந்தால் பூட்டிவிடும் காவல் நிரல் ஒன்றை வைத்திருந்தோம். அது பூட்டிய முகவரி ஒன்றே ஒன்று. அதன் பின்னால் இருந்த கைப்பேசிகளோ பலவகை: வேறு வேறு மாடல், வேறு வேறு உலாவி, ஒரே நிமிடத்துக்குள் கன்று விலை பார்ப்பவர் ஒருவர், படிவம் நிரப்புகிறவர் இன்னொருவர். தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண் கொடுத்துவிட்டு, குறும்பு செய்த ஒரு பையனுக்காக அந்த எண்ணையே பூட்டியது போல.

கைப்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்கு இப்படிப் பகிர்வதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த முகவரிகளுக்கான பழைய முறையான ஐபிவி4 32 பிட் கொண்டது. மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலக அளவில் அவற்றைப் பங்கிடும் அயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. நம் பகுதிக்குப் பங்கிடும் ஏப்னிக் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுப்புக்கு வந்து, அளந்து கொடுக்க ஆரம்பித்தது. ஊர் ஊராக ஸ்மார்ட்போன் பரவியது அதற்குப் பிறகுதான். அதனால் பழைய முகவரி மட்டுமே உள்ள தளத்துக்குப் போகும்போது, பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

128 பிட் கொண்ட புதிய முறையான ஐபிவி6-இல் அந்தப் பஞ்சம் இல்லை. அதன் வரையறை 1998-இலேயே வந்துவிட்டது. நம் தொலைத்தொடர்புத் துறையும் 2010-இல் செயல்திட்டம் வெளியிட்டது. நாட்டின் பெரிய கைப்பேசி வலைகளில் புதிய முகவரி எப்போதோ புழக்கத்துக்கு வந்தாயிற்று. பாலக்கோட்டுக்காரர் கையில் இருந்தது, எங்கள் டொமைனிடம்தான் இல்லை.

டொமைன் வைத்திருப்பவர்களில் பலருக்கு, தங்கள் பொருள் மூன்று இடத்தில் இருப்பது தெரியாது. பெயரைப் பதிந்து கொடுத்தவர் ஒருவர், பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருப்பவர் ஒருவர், தளத்தைத் தாங்கும் ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்று. மூவரும் ஒருவராகவே இருக்கலாம்; எங்களுக்கு இல்லை. பெயர் பதிந்த இடத்தில் கேட்டபோது, புதிய டொமைன் வாங்கச் சொல்லி விலைப்பட்டியல் அனுப்பினார்கள். தேவையே இல்லை. பெயர் அதேதான், புதுப்பிக்கும் தேதியும் அதேதான். பெயருக்குக் கீழே, பழைய முகவரியைச் சொல்லும் ‘ஏ’ பதிவுக்குப் பக்கத்தில், புதிய முகவரியைச் சொல்லும் ‘நான்கு ஏ’ (AAAA) பதிவு ஒன்று சேர வேண்டும், அவ்வளவுதான். டபிள்யூ மூன்றுடன் வரும் பெயருக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பெரியப்பாவின் கவலை வேறு. “பழைய எண்ணை விட்டுவிட்டால் ஜனங்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?” விடவே போவதில்லை என்று விளக்கினேன். இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று நேராகப் பேசாது. அதனால் சர்வர் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். நர்சரிக் கொட்டகையில் இருக்கும் பிராட்பேண்ட் இணைப்பிலேயே புதியது இன்னும் வரவில்லை.

பதிவைச் சேர்ப்பது கடைசி வேலை. முதலில் சேர்த்துவிட்டால், இல்லாத கதவுக்கு ஆளை அனுப்பியதாகிவிடும். ஹோஸ்டிங் நிறுவனம் சில கடிதங்களுக்குப் பிறகு /64 தொகுப்பு ஒன்றை, அதாவது முதல் 64 பிட் ஒன்றாக இருக்கும் முகவரிகளின் கூட்டத்தை, ஒதுக்கித் தந்தது. தளத்தைப் பரிமாறும் மென்பொருளான என்ஜின்எக்ஸ் அமைப்பில் புதிய முகவரியிலும் 80, 443 வாசல்களில் (போர்ட்) காது கொடுக்கும்படி வரி சேர்த்தேன். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் பிங்குக்குப் பதில் வந்தது, தளம் பதில் சொல்லவில்லை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் எதை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் விதிகள் பழைய முறைக்கு மட்டுமே திறந்திருந்தன. புதியதற்குத் தனிப் பட்டியல், அது மூடிக் கிடந்தது. உதவிப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பட்டியலைத் திறக்கும்போது ஐசிஎம்பி செய்திகளையும், அதாவது வழியில் உள்ள சிக்கலைத் தெரிவிக்கும் செய்திகளையும், விட வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து அவற்றை மொத்தமாகத் தடுத்தால், அனுப்பிய தரவுப் பொட்டலம் (பாக்கெட்) பெரிதாகிவிட்டது என்ற தகவல் வந்து சேராமல் சிலருக்குப் பக்கம் பாதியில் நின்றுவிடும்.

உலாவியில் பூட்டுக்குறி காட்டவைக்கும் பாதுகாப்புச் சான்றிதழையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். அதை வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் டொமைனைச் சோதிக்க வரும்போது நான்கு ஏ பதிவு இருந்தால் அந்த வழியாகத்தான் முதலில் வரும். அங்கே வேறு ஏதோ வெற்றுப் பக்கம் பதில் சொன்னால் புதுப்பித்தல் தோற்றுப்போகும். தெரியவருவதோ வாரங்கள் கழித்து, பூட்டுக்குறி போன பிறகு.

டிஎன்எஸ்ஸில் டிடிஎல் காலத்தை (ஒரு பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதை) முன்கூட்டியே 300 வினாடிக்குக் குறைத்தேன். ஏதாவது பிசகினால் உடனே திரும்ப எடுக்கலாம் அல்லவா. பிறகு பதிவைச் சேர்த்தேன். உலாவியில் தளம் திறக்கிறதா என்று பார்த்தால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் புதிய வழி தடைப்பட்டாலும் உலாவி சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பிவிடும். புதிய வழியில் மட்டும் போகும்படி கட்டாயப்படுத்திச் சோதிக்க வேண்டும். கட்டளை எழுதத் தெரியாதவர்கள் வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் தளத்தைத் திறந்து, சர்வர் பதிவேட்டில் எந்த முகவரி விழுகிறது என்று பார்க்கலாம். நான் பெரியப்பாவைத் தோப்புக்குள் நின்று திறக்கச் சொன்னேன். 2409 என்று தொடங்கும் நீளமான வரி ஒன்று விழுந்தது. அடுத்த சில நிமிடங்களில் அதே தொடக்கத்தோடு, ஆனால் நடுவில் வேறு வேறு எண்களோடு வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அன்று நான் பார்த்ததிலேயே அழகான காட்சி அதுதான்.

காவல் நிரலின் விதியை மாற்றாமல் விட்டால் இத்தனையும் வீண். புதிய முறையில் ஒரு கைப்பேசிக்குப் பொதுவாக ஒரு /64 தொகுப்பே கிடைக்கிறது. அதற்குள் அது முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கலாம். முழு முகவரியைப் பூட்டினால் குறும்புக்காரர் அடுத்த நிமிடம் இன்னொன்றில் வருவார். ஆகவே முகவரியின் எட்டுத் துண்டுகளில் முதல் நான்கை (அந்த 64 பிட்டை) மட்டும் வைத்துப் பூட்டும்படி எழுதினேன். பழைய முறை முகவரிகளுக்கு வரம்பைத் தளர்த்தி, பூட்டுவதற்குப் பதில் ஒரு கேள்வி கேட்கும்படி வைத்தேன்.

மின்னஞ்சலை மட்டும் தொடவில்லை. புதிய முகவரியிலிருந்து அனுப்பினால் அந்த முகவரிக்குத் தலைகீழ்ப் பெயர்ப் பதிவு (முகவரியிலிருந்து பெயரைச் சொல்வது) இருக்க வேண்டும், எங்கள் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அதற்கு இடம் தர வேண்டும். இல்லையென்றால் ஜிமெயில் திருப்பி அனுப்பும். தலைகீழ்ப் பதிவு ஹோஸ்டிங் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கேட்டிருக்கிறேன். அது வரும்வரை ரசீதுகள் பழைய வழியிலேயே போகட்டும்.