பிக்சல் முகத்தில் ஒளியும் நிழலும்

கோத்தகிரியில் மூடுபனி இறங்கிவிட்டால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறி, முகத்தின் மேடுபள்ளங்கள் மங்கிவிடும் என்பதால், தேயிலை பறிக்கும் என் பெரியம்மாவை 64×64 பிக்சலில், அதாவது திரையின் சிறு சதுரப் புள்ளிகளில், வரைவதற்கு, மாலை வெயில் இடப்புறமிருந்து விழும் புகைப்படத்தையே தேர்ந்தெடுத்தேன்.

முதலில் சாம்பல் நிறங்களில் வரைவது நல்லது. 1989-இல் வந்த கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி 4 சாயல்களிலேயே எல்லா உருவங்களையும் காட்டியது. ஓரங்களைச் சுற்றிலும் சமமாகக் கருமையாக்கினால் முகம் தலையணைபோல் உப்பித் தெரியுமே தவிர, எலும்பின் வடிவம் வெளிப்படாது. மூக்கின் வலப்பக்கத்தில் அடர்நிழலை ஒரே பட்டையாக இட்டு, அது கன்னத்தில் சாயும் இடத்தில் மட்டும் இடைச்சாயலில் ஓரிரு பிக்சல்களை வைத்தவுடன், மூக்கு திரையிலிருந்து எழுந்து நின்றது; இதைவிட மகிழ்ச்சி தரும் கட்டம் எனக்கு வேறில்லை. வண்ணம் சேர்க்கும்போது, நிழலைக் கறுப்பாக்காமல் ஊதாவை நோக்கியும், ஒளியை மஞ்சளை நோக்கியும் நகர்த்தினால் தோல் உயிர்பெறும். மிக வெளிறிய சாயலை நெற்றிக்கும் மூக்குநுனிக்கும் மட்டுமே ஒதுக்குங்கள்.