கடைசி ஆறு திங்கட்கிழமைகள்

ஏப்ரல் 15, 2019, திங்கள்

நேற்று சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் என்று மதியம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, இரவு ஒன்பதுக்கே படுத்துவிட்டோம், தம்பியும் நானும். ஐந்தே முக்காலுக்கு அலாரம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் அமெரிக்காவில் வருவது ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, நமக்குத் திங்கள் காலை 6.30. அதே நிமிடத்தில் ஹாட்ஸ்டாரிலும் வந்துவிடும். எட்டு மணிக்குள் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆபீஸ் போகும் வழியிலேயே யாராவது கதையைப் போட்டு உடைத்துவிடுவார்கள்.

இது எட்டாவது, கடைசி சீசன். ஏழாவது முடிந்தது 2017 ஆகஸ்டில். கிட்டத்தட்ட இருபது மாதக் காத்திருப்பு. தொடக்க இசை கேட்டதும் கை சில்லிட்டது. இந்த முறை அந்த வரைபடத்தையே மாற்றியிருக்கிறார்கள். உடைந்த பெருஞ்சுவரில் ஆரம்பித்து, ஒவ்வொரு ஓடாக நீலமாகப் புரண்டுகொண்டே வடக்கின் கோட்டையான வின்டர்ஃபெல் வரை வருகிறது.

அரியணைக்கு உரிமை கேட்கும் டெனேரிஸின் படை வின்டர்ஃபெல்லுக்கு வருவதைப் பார்க்க ஒரு சின்னப் பையன் மரத்தில் ஏறுகிறான். 2011இல் முதல் எபிசோடில் ராஜா வருவதைப் பார்க்க அந்தக் கோட்டை வீட்டுப் பையன் பிரான் சுவர் ஏறினானே, அதேதான். முடிவில் ராணி செர்சியின் இரட்டைச் சகோதரன் ஜேமி குதிரையை விட்டு இறங்கித் திரும்பினால், அவன் ஜன்னலிலிருந்து தள்ளிவிட்ட அதே பிரான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். எட்டு வருஷக் கதை அந்த ஒரு பார்வையில்.

கல்லறை நிலவறையில் சாம் தன் நண்பன் ஜானிடம், அரியணையின் உண்மையான வாரிசு அவன்தான் என்ற பிறப்பு ரகசியத்தைச் சொல்லும் இடத்தில், காபியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். தம்பி சுருக்கமாக விளக்கினான். “போருக்கு முந்தி கர்ணன்கிட்ட குந்தி வந்து சொன்ன மாதிரிதான். தெரியாமலே இருந்திருந்தா நிம்மதியா சண்டை போட்டிருப்பான்” என்றாள். இவ்வளவு பேர் இவ்வளவு தியரி எழுதியதில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறோம். இடது ஓரத்தில் 24 பெயர்கள். மேலே ஐந்து கட்டங்கள்: நான், தம்பி, ஆபீஸ் நண்பர்கள் இருவர், கனடாவில் இருக்கும் அத்தை மகள். பிழைப்பவருக்கு ‘பி’, சாகிறவருக்கு ‘சா’, செத்து, பிணங்களை எழுப்பும் ஒயிட் வாக்கரின் படையில் எழுபவருக்கு ‘எ’. இன்று மாலைக்குள் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். இனி அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது.

ஏப்ரல் 18, வியாழன்

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் இருவர் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கல்லறை நிலவறையில் ஒளித்து வைப்பார்களாம். செத்தவர்களை எழுப்பும் எதிரி வரும்போது, செத்தவர்கள் படுத்திருக்கும் இடத்திலா ஒளிப்பது என்று ஒருவன் கேட்டான். தம்பி தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டான். ஒயிட் வாக்கர்களின் தலைவன் நைட் கிங் வின்டர்ஃபெல்லுக்கே வர மாட்டான், நேராக டிராகனில் தலைநகரம் கிங்ஸ் லேண்டிங் போவான் என்பது இன்னொருவன் கட்சி. மை வைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகும் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நின்றார்கள். முன்பின் தெரியாதவர்கள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

நேற்று காலை பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த குண்டுவெடிப்புச் செய்திக்குப் பிறகு வீட்டில் யாருக்கும் மனசே சரியில்லை. இன்று இரவுதான் உட்கார்ந்தோம்.

சண்டையே இல்லாத எபிசோட். விடிவதற்குள் செத்துவிடுவோம் என்று நினைக்கிற மனிதர்கள் ஒரு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நீ ஏன் இன்னும் வீரர் பட்டம் பெறவில்லை என்று டார்மண்ட் என்பவன் வாள் வீராங்கனை பிரியெனைக் கேட்கிறான். பெண்களுக்குக் கிடையாது, மரபு என்கிறாள். ஒரு வீரன் இன்னொருவரை வீரராக்கலாம், அதற்கு ராஜா தேவையில்லை என்று ஜேமி வாளை உருவுகிறான். அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. தன் உதவியாள் பாட்ரிக் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். அவன் மெல்லத் தலையசைக்கிறான். அப்புறம்தான் எழுந்து போய் மண்டியிடுகிறாள். பட்டம் வாங்கி எழுந்தபோது அவள் முகத்தில் வந்த சிரிப்பை இத்தனை சீசனில் நான் பார்த்ததே இல்லை. வாய்விட்டு அழுதுவிட்டேன்.

இதை எழுதியவர் பிரையன் காக்மேன். பழைய சீசன்களின் பொறுமை இதில் இருக்கிறது.

ஏப்ரல் 29, திங்கள்

82 நிமிடம். படமே தெரியவில்லை. இரவில் நடக்கும் போர். இங்கே ஜன்னல் வழியாக ஏப்ரல் வெயில் நேராக டிவி மேல் அடிக்கிறது. பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, அம்மாவின் கறுப்புப் போர்வையைத் துணிக் கிளிப் போட்டுத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டோம். கதவிடுக்கில் பாயைச் சுருட்டி வைத்தோம். அறை புழுங்கியது. ஆனால் அதற்குப் பிறகுதான் அந்தக் காட்சியின் அருமை தெரிந்தது: டோத்ராக்கிக் குதிரைப்படையின் அரிவாள்கள் எல்லாம் மெலிசாண்ட்ரேயின் மந்திரத்தில் தீப்பற்றுகின்றன. அந்தத் தீ வரிசை இருட்டுக்குள் பாய்கிறது. அப்புறம் தூரத்தில் ஒவ்வொரு பொட்டாக அணைகிறது. ஒரு எதிரியைக்கூடக் காட்டவில்லை. அடிவயிறு கலங்கிவிட்டது.

வட அயர்லாந்தில் 55 இரவுகள் வெளிப்புறத்தில் எடுத்திருக்கிறார்கள். இயக்குநர் மிகுவேல் சபோச்னிக். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் இருட்டை வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. போர்வையைக் கட்டிப் பார்த்தவள் என்ற முறையில் அவர் பக்கம் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.

சரி, நைட் கிங். நோட்டில் ஐந்து பேரும் ஜான் கொல்வான் என்றோ பிரான் முடிப்பான் என்றோ எழுதியிருந்தோம். பிரானின் அக்கா ஆர்யா என்று யாரும் எழுதவில்லை. அவள் பாய்ந்தாள், அவன் அவள் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான். இடக்கையிலிருந்து நழுவவிட்ட கத்தியை வலக்கையில் பிடித்து அவள் குத்தியபோது தம்பி சோபா மேல் ஏறிவிட்டான்.

இரவு அத்தை மகளோடு போனில் அந்தக் கத்தியின் பயணத்தை மட்டும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனோம். முதல் சீசனில் படுக்கையில் கிடந்த பிரானைக் கொல்ல வந்தவன் கையில் இருந்தது. தடுத்த பிரானின் அம்மாவின் கையைக் கிழித்தது. ஏழாவது சீசனில் சூழ்ச்சிக்காரன் லிட்டில்ஃபிங்கர் அதை பிரானிடம் கொடுக்கிறான், பிரான் அந்த வெள்ளை மரத்தடியில் ஆர்யாவிடம் கொடுக்கிறான். பிரியெனோடு பயிற்சிச் சண்டையில் அவள் செய்து காட்டியதும் இதே கைமாற்றுதான். எல்லாம் கண்முன்னால்தான் இருந்தது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பிணத் துண்டுகளைச் சுழல் வடிவத்தில் அடுக்கி வைத்தானே, அது எதற்கு? முதல் சீசனின் முதல் காட்சியே ஒயிட் வாக்கர்தான். எட்டு வருஷம் பயமுறுத்தியவன் ஒரே இரவில், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். இன்னும் மூன்று எபிசோடில் அதற்கு விடை வரும் என்று தம்பி நம்புகிறான்.

மே 6, திங்கள்

வரவில்லை.

டெனேரிஸின் டிராகன் ரேகாலை மூன்று அம்பில் வீழ்த்திவிட்டார்கள். வானத்தில் பறப்பவளுக்குக் கடலில் நிற்கும் கப்பல்கள் தெரியாதா? ஜான் தன் ஓநாயை ஒருமுறைகூடத் தடவிக் கொடுக்காமல் அனுப்பிவிட்டான். ஆபீஸில் எல்லோரும் விருந்துக் காட்சியில் மேசை மேல் மறந்து வைத்த காபி கப்பைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. கதையில் மறந்துபோனவைதான் எனக்கு வலிக்கிறது.

டெனேரிஸின் தோழி மிஸ்ஸாண்டே மட்டும் விதிவிலக்கு. கழுத்துக்குக் கத்தி வரும் நேரத்தில் அவள் சொன்ன கடைசிச் சொல் ‘டிராகாரிஸ்’. டிராகன் நெருப்பு. மூன்றாவது சீசனில் அஸ்டாபோரில் அடிமை வியாபாரியை டெனேரிஸ் எரித்தது அதே சொல்லால்தான். மிஸ்ஸாண்டேவை அடிமையாக வைத்திருந்தவன் அவன்.

மே 13, திங்கள்

மணி அடிக்கிறது. நகரம் சரணடைந்துவிட்டது. டெனேரிஸ் தன் டிராகன் டிரோகன் மேல் உட்கார்ந்தபடி கோட்டையைப் பார்க்கிறாள். முகம் கோணுகிறது. அந்த நொடியில் கீழே தண்ணி லாரி ஹார்ன். நான்கு நாள் கழித்து வந்த லாரி, விட முடியாது. நிறுத்திவிட்டு இருவரும் குடங்களோடு ஓடினோம். இருபது நிமிட வரிசையில் தம்பி ஒரே கேள்விதான் கேட்டான்: “அக்கா, கோட்டைக்குத்தானே போவா?” போவாள் என்றேன். செர்சி அங்கேதான் இருக்கிறாள், வேறெங்கே போவாள்.

மேலே வந்து பார்த்தோம். தெருத் தெருவாக எரித்தாள். கையில் மரக் குதிரை வைத்திருந்த சின்னப் பெண்ணை, தாயோடு சேர்த்து.

தம்பி சாப்பிடாமல் கல்லூரிக்குப் போய்விட்டான்.

மே 14, செவ்வாய்

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். நேற்று இரவு முழுக்க எங்களுக்குள் சண்டை. டெனேரிஸைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறான் அவன். இது முதலிலிருந்தே இருந்தது என்கிறேன் நான்.

இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில் அவளுக்கு ஒரு தரிசனம் வருகிறது. கூரை இடிந்த அரியணை மண்டபம், மேலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்கிறது. ஏழு வருஷமாக அதைப் பனி என்றுதான் நாங்கள் பேசி வந்தோம். குளிர்காலம் தெற்குவரை வந்துவிடும் என்று அதை வைத்தே எத்தனை கணக்குப் போட்டோம்! அது சாம்பல். நான்காவது சீசனில் பிரான் மரத்தைத் தொட்டபோது நகரத்தின் மேல் ஒரு டிராகன் நிழல் போனது, அதுவும் இதுதான். நேற்று அவள் நெருப்புக்கு நடுவே பச்சையாக வெடித்ததே, அவள் அப்பா புதைத்து வைத்த காட்டுத்தீ. அந்த நகரத்தை அதிலிருந்து காப்பாற்றத்தான் ஜேமி அவரைக் கொன்றான்.

இதையெல்லாம் அடுக்கிச் சொன்னேன். தம்பி கேட்டுவிட்டு, “சரி அக்கா, விதை இருந்துச்சு. செடி எங்கே?” என்றான். பதில் வரவில்லை. ஆறு சீசன்கள் பத்துப் பத்து எபிசோட். ஏழாவது ஏழு, இது ஆறு. அன்பான ஒருத்தி கொடுங்கோலியாக மாறுவதை நாங்கள் கூடவே நடந்து பார்த்திருக்க வேண்டும். ரேகால் போய், மிஸ்ஸாண்டே போய், ஜான் விலகி, இரண்டு எபிசோடுக்குள் நகரமே எரிந்துவிட்டது. கர்ணனின் முடிவு அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் கூத்தில் தேர்ச் சக்கரம் அழுந்தும்போது ஒவ்வொரு முறையும் அழுகிறாள். அங்கே அவசரப்படுத்துவதில்லை.

என் தியரியும் போயிற்று. புத்தகத்தில் செர்சிக்குச் சொன்ன குறியில், அவளுடைய தம்பி ஒருவன் அவள் கழுத்தை நெரிப்பான் என்று இருக்கும். தொடரில் அந்த வரியை விட்டுவிட்டார்கள். இருந்தும் அது, இரட்டையரில் அவளுக்குப் பின் பிறந்த ஜேமிதான் என்று கடைசிவரை நம்பினேன். இருவரும் கட்டிப்பிடித்தபடி செங்கலுக்கு அடியில் போனார்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் ஆறாவது புத்தகத்தை முடித்துக் கொடுத்தால் அந்தக் குறிக்கு ஒரு வழி பிறக்கும்.

மே 20, திங்கள்

முடிந்துவிட்டது. பிரான் ராஜா. அவன் அக்கா சான்சா வடக்கின் ராணி. ஆர்யா வரைபடத்துக்கு அப்பால் மேற்கே கப்பலில். டெனேரிஸை ஜான் கொன்றான், டிரோகன் அரியணையையே உருக்கியது. நோட்டில் அத்தை மகள்தான் முதல், 24இல் 15 சரி. பிரான் ராஜாவாவான் என்று யாரும் நினைக்கவில்லை.

இந்த சீசனை மறுபடி எடுக்கச் சொல்லும் மனுவில் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தம்பியும் போட்டான். நான் போடவில்லை. 55 இரவுகள் குளிரில் நின்றவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஜான் வடக்கே போய் ஓநாயைத் தடவிக் கொடுத்தான். பிரியென் வீரர்களின் வெள்ளைப் புத்தகத்தைத் திறந்து, ஜேமியின் பாதி நிரம்பிய பக்கத்தைத் தன் கையால் எழுதி முடித்தாள். எழுதி முடித்துப் புத்தகத்தை மூடினாள். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் அவசரமே இல்லை.

மே 26, ஞாயிறு

தேர்தல் முடிவுப் பேச்சு ஓய்ந்துவிட்டது. திங்கட்கிழமைக்கு அலாரம் வைக்க வேண்டியதில்லை. மதியம் தம்பியே இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடைப் போட்டான். அந்த மண்டபம், அந்த உதிர்தல். டெனேரிஸ் அரியணைப் பக்கம் நடந்து கையை நீட்டுகிறாள். தொடப் போகும்போது அவளுடைய குட்டி டிராகன்கள் எங்கோ கத்துகின்றன. கையை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறாள்.

அங்கே நிறுத்தி, போன வாரக் கடைசி எபிசோடைப் போட்டோம். அதே மண்டபம், அதே நடை. இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. அவள் விரல்கள் அந்த வாள் பிடிகளின் மேல் மெதுவாக ஊர்ந்தன. தம்பி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்ப ஒருமுறை பின்னால் ஓட்டினான்.