‘எனக்கு’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தேன்

நான்கு மாதமாக ஒரு மாயக்கதை நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அக்கா வேணி, தங்கை செங்கனி. ஒருத்தி மனதில் நடப்பது இன்னொருத்திக்கும் நடக்கும். யோசிக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது, எழுத உட்கார்ந்த பிறகுதான் வினை.

முதல் வரைவில், மனதுக்குள் பேசுவதை எல்லாம் சாய்வெழுத்தில் போட்டேன். ‘எங்கே இருக்கிறாய்?’ ‘துறையில்.’ ‘ஜாக்கிரதை.’ இப்படியே மூன்று அத்தியாயம். (தமிழ் எழுத்தைச் சாய்த்தால் கண்ணை உறுத்துகிறது, அது தனிக்கதை.) படித்த தோழி, “ரெண்டு பேரும் செல்போன்ல பேசிக்கிற மாதிரி இருக்கு, சார்ஜ் மட்டும் தீரவே மாட்டேங்குது” என்றாள். உண்மைதான். குரல் போய் வந்துகொண்டிருந்ததே தவிர மனம் கலக்கவில்லை.

அடுத்த முறை இருவரையும் சேர்த்து ‘நாம்’ என்று எழுதினேன். கேட்பவரைச் சேர்த்துக்கொள்ள ‘நாம்’, விலக்க ‘நாங்கள்’ என்று இரண்டு வைத்திருக்கிறோமே, அதில் விளையாடலாம் என்ற நினைப்பு. ‘நாம் கரையில் நின்றோம். நாம் அஞ்சினோம்.’ வாய்விட்டுப் படித்தால் ராஜா ஓலை அனுப்புவது போல இருந்தது. இருபது பக்கம் குப்பைக்குப் போனது.

வழி சமையலறையில்தான் கிடைத்தது. குக்கரைத் திறந்தபோது ஆவி அடித்து “சுடுது!” என்று கத்தினேன். யாருக்குச் சுட்டது என்பது அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. பசிக்கிறது, வலிக்கிறது, குளிர்கிறது, பயமாக இருக்கிறது என்று எதை எடுத்தாலும் அப்படித்தான். தமிழில் இதையெல்லாம் நாம் செய்வதில்லை, நமக்கு வருகின்றன. ‘எனக்கு’, ‘அவளுக்கு’ என்று முன்னால் போட்டால்தான் ஆள் தெரியும். அதை எடுத்துவிட்டால்? அன்று ராத்திரியே எழுதியது இது:

‘வேணி குழம்புச் சட்டியை வெறுங்கையால் இறக்கினாள். சுட்டது. துறையில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த செங்கனி கையை உதறினாள்.’

அவ்வளவுதான். ‘உணர்ந்தாள்’ என்ற சொல்லே தேவைப்படவில்லை. அதிலிருந்து விதியும் பிறந்தது: உடம்புக்கு வருவது மட்டும் கடக்கும், சொல் கடக்காது. எல்லாம் கடந்தால் இருவருக்கும் நடுவே ரகசியம் இருக்காது, அப்புறம் கதையும் இருக்காது.

இந்தச் சக்திக்கு என்ன விலை வைப்பது என்று தெரியாமல் பெரியபுராணத்தில் வரும் திருமூலர் கதையை மறுபடி படித்தேன். மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்கிறான், பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துயரம் பொறுக்காமல் அங்கே வந்த யோகியார் ஒருவர் அந்த உடம்பில் புகுந்து திருமூலர் ஆகிறார். மாலையில் மூலனின் மனைவி தொட வரும்போது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லிவிடுகிறார். பிறகு போய்ப் பார்த்தால் அவருடைய பழைய உடம்பைக் காணோம். கூடுவிட்டுக் கூடு பாய்ந்த வித்தையைவிட அந்த மனைவிதான் என் மனதில் நின்றாள். உடனே வேணிக்கு ஒரு கணவனைக் கொடுத்தேன். இவள் சிரித்தால் அது இவளுடைய சிரிப்புதானா என்று அவனுக்குச் சந்தேகம். இப்போது நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவன்தான்.

ஆறாம் அத்தியாயம் எதிர்பாராத லாபம். தோணிக்காரன் கொலையை ஊர்க்கூட்டத்தில் விசாரிக்கிறார்கள். வேணி அன்று வீட்டை விட்டு நகரவில்லை என்பது ஊருக்கே தெரியும். பேச்சுவாக்கில் அவள், “தோணிக்குள் விளக்கெண்ணெய் நாற்றம் அடித்தது” என்கிறாள். ஊர்ப்பெரியவர் நிமிர்ந்து, “அடித்ததாமா, அடித்ததா?” என்று கேட்கிறார். கேள்விப்பட்டதைச் சொல்லும் ஒரே ஒரு ‘ஆம்’ குறைந்ததில் மாட்டிக்கொண்டாள். எழுதி முடித்ததும் எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இப்போது நிற்பது பதினோராம் அத்தியாயத்தில். செங்கனி இறந்துவிட்டாள். மறுநாள் யாரோ வற்புறுத்தி வேணியைச் சோற்றின் முன் உட்கார வைக்கிறார்கள். ‘பசித்தது’ என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். அதற்கு முன்னால் ‘அவளுக்கு’ போடுவதா வேண்டாமா என்று மூன்று நாளாக முடிவெடுக்க முடியவில்லை. தோழி போடச் சொல்கிறாள்.