அஞ்சு நிமிஷம் கூட ஆகாதுண்ணே

"இதைக் கழட்டி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று, மரம் அறுக்கும் மெஷினில் பிளேடுக்கு மேல் நான் மாற்றியமைத்த மூடியைப் பார்த்து மேஸ்திரி கேட்டார். "அஞ்சு நிமிஷம் கூட ஆகாதுண்ணே" என்றேன். பேச்சு அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் மேஜைக்குப் போனார், நான் ஹோஸுக்கு க்ளிப் முடுக்கப் போனேன். எட்டு மாதம் ஓடிவிட்டது. இன்னும் ராத்திரி படுத்தால் அந்த ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் நான் அதைச் சொன்ன தொனியோடு. ஏதோ பெரிய சாதனையைச் சொல்கிற மாதிரி சொல்லியிருக்கிறேன்.

டேபிள் சாவில், அதாவது மேஜை நடுவே வட்ட பிளேடு சுற்றும் அந்த மெஷினில், நின்றவர்களுக்குத் தூசியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கீழே நான்கு அங்குலக் குழாய் எவ்வளவு இழுத்தாலும் முகத்துக்கு வருகிற தூள் வந்துகொண்டுதான் இருக்கும். பிளேடின் மேல்பக்கம் நம்மை நோக்கித்தான் சுற்றுகிறது. பல் மரத்துக்குள் இறங்கும்போது தூளில் பெரும்பகுதியைக் கீழே பெட்டிக்குள் கொட்டிவிடும், சரி. பல்லிடுக்கில் ஒட்டியிருப்பதை அப்படியே சுமந்துகொண்டு பின்பக்கமாக ஏறி வந்து நம் நெஞ்சுக்கு நேராக உதறும். பத்து அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 4000 சுற்று போனால் பல்லின் நுனி மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அந்த வேகத்தில்தான் தூளும் கிளம்புகிறது. பலகை ஓரத்தை அரை நூல் மட்டும் சீவி எடுக்கும்போது இன்னும் மோசம். பிளேடின் ஒரு பக்கம் மரமே இல்லாமல் திறந்து கிடக்கும், அந்தப் பக்கம் வருவதெல்லாம் நமக்குத்தான்.

எங்கள் பட்டறையில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேலை அதிகமான பிறகுதான் எனக்கு இது பொறுக்கவில்லை. மரத்தூள் கனம், கொஞ்ச நேரத்தில் தரைக்கு வந்துவிடும். எம்டிஎஃப் தூள் மாவு மாதிரி, மிதந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் வேலை முடிந்ததும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு டார்ச்சை மேஜை மட்டத்தில் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். மெஷின் நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் அது நின்றுகொண்டிருந்தது, விழவும் இல்லை, போகவும் இல்லை. அதைப் பார்த்தபோது மேஸ்திரியின் இருமல்தான் காதில் கேட்டது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் போட்டுவிட்டது. மூக்கு, மூக்கைச் சுற்றிய சைனஸ் அறைகள் என்று இடம் முதற்கொண்டு சொல்லியிருக்கிறது. இதை நான் படித்தேன், மற்றவர்கள் படிக்கவில்லை. அதனால் செய்ய வேண்டியது என் வேலை என்று நினைத்துக்கொண்டேன். மெஷின் பராமரிப்பு என் பொறுப்பு வேறு.

பிளேடுக்கு இருந்த கார்டு, அதாவது பாதுகாப்பு மூடி, நல்ல கார்டு. கண்ணாடி போலத் தெரியும் பாலிகார்பனேட் மூடி, பிளேடுக்குப் பின்னால் நிற்கிற ரைவிங் நைஃப் என்ற தகட்டின் தலையில் உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் ஒரு சின்ன லீவர். லீவரைத் தூக்கினால் மூடி கையோடு வரும், மறுபடி வைத்து அழுத்தினால் டக்கென்று உட்காரும். பத்து நொடி வேலை. அந்த "டக்" சத்தத்தை அப்போதெல்லாம் நான் கவனித்ததே இல்லை, இப்போது எங்கே கேட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

தூளை மேலிருந்தும் இழுக்க, முதலில் மூடியின் பின்பக்கம் ஹோஸுக்கு ஓட்டை போட்டேன், ஹோஸ் யாருக்கும் இடைஞ்சலாக இருக்காதே என்று. பாதித் தூள்கூடப் போகவில்லை. தூள் பறப்பது முன்னால், நான் ஹோஸுக்கு வாய் வைத்தது பின்னால். அப்புறம் அதை அடைத்துவிட்டு, உச்சியில், கொஞ்சம் முன்தள்ளி, சாய்வாக இரண்டரை அங்குல வாய் வைத்தேன். பெரிய டஸ்ட் கலெக்டரிலிருந்து ஒரு கிளை இழுத்துப் பார்த்தால் சரிப்படவில்லை. அது நிறையக் காற்றை மெதுவாக இழுக்கிற மெஷின், குறுகிய ஹோஸில் அதற்கு மூச்சு முட்டும். வேக்குவம் அதற்கு நேர் எதிர், காற்று கொஞ்சம்தான், இழுவை அதிகம். ஆக மூடிக்குத் தனியாக ஒரு வேக்குவம். அன்றைக்கு மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தேன், வெளிச்சம் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஒரே ஒரு சிக்கல். ஹோஸின் கனம். மேலே இருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்டும் அது மூடியை ஒரு பக்கமாக இழுத்தது, கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் மூடியின் ஓரம் பிளேடுக்கு விரல்கடை தூரத்துக்கு வந்துவிட்டது. அந்த வேகத்தில் பல் ஒரு முறை பிளாஸ்டிக்கைத் தொட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் லீவரை எடுத்துவிட்டு, இரும்புப் பட்டை ஒன்றை வளைத்து, இரண்டு எம்6 போல்ட் போட்டு, நட்டு முடுக்கி, அசையாதபடி செய்தேன். பத்தாம் நம்பர் ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடியாது. இதைப் பாதுகாப்புக்காகத்தான் செய்தேன். இந்த வாக்கியத்தை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் உண்மையாகத்தான் இருக்கிறது, அதுதான் கஷ்டம்.

அப்போதுதான் மேஸ்திரி வந்து பார்த்தார். ஹோஸைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார், கேட்டார்.

நான் அளந்து சொல்லவில்லை. தூசிக்கு டார்ச் அடித்துப் பார்த்த எனக்கு, கழற்றி மாட்டும் நேரத்தை ஒரு முறை ஃபோனில் ஓடவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, பார்த்தேன். கழற்ற ஒன்றரை நிமிஷம், மாட்ட மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது நான் சொன்னது சரிதான், ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. அந்தப் பதிலில் பொய்யே இல்லை.

பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, கை சுத்தம், கொஞ்சம் அவசரம். அன்று டிராயர் பலகைகளுக்குக் காடி (பலகையை முழுக்க அறுக்காமல் எடுக்கும் பள்ளம்) எடுத்துக்கொண்டிருந்தான். காடி எடுக்கும்போது மூடி இருக்கவே முடியாது, பிளேடு மரத்தைத் தாண்டி மேலே வராது, மூடி நிற்கிற நைஃபிலேயே பலகை இடிக்கும். அதனால் கழற்றி, ஹோஸோடு சேர்த்துப் பலகை அடுக்கின் மேல் சாய்த்து வைத்திருந்தான். காடி முடிந்தது. பிளேடை ஏற்றினான். இரண்டு விரல் அகலத்தில் ஒரு ரீப்பர் (நீளப் பட்டைக் கட்டை) வேண்டும், ஒன்றே ஒன்று. வெட்டி முடித்தான், ஓரத்தில் விழுந்த துண்டு பிளேடை ஒட்டியே கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. இடது கையால் அதைத் தட்டிவிடப் போனான்.

பெருவிரல் நுனி, நகத்தோடு. தையல் போட்டார்கள். விரல் இருக்கிறது, வளைகிறது, நுனியில் மட்டும் உணர்வு இல்லை என்கிறான். பட்டன் போடும்போதுதான் தெரிகிறதாம்.

இனி நான் மாற்றி மாற்றிச் சொல்லப்போவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். துண்டைத் தட்டிவிடாதே, மெஷின் நிற்கட்டும், இல்லாவிட்டால் தள்ளுகட்டையால் தள்ளு என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மூடி இல்லாமல் வெட்டியது அவன் முடிவு. ஒரு ரீப்பருக்காக யாரும் மூடி மாட்ட மாட்டார்கள், நானே மாட்டமாட்டேன், பழைய லீவர் இருந்தாலும் மாட்டியிருக்க மாட்டான். இப்படித்தான் முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

ஆனால் மாட்டியிருப்பான். பழைய மூடி காலத்தில் காடி முடிந்ததும் அந்த "டக்" கேட்கும், பேசிக்கொண்டே மாட்டுவான், கை தானாகப் போகும். நிஜமாகவே கேட்டேனா, இல்லை இப்போது என்னைக் குற்றவாளியாக்குவதற்கு வசதியாக ஞாபகம் அப்படி அமைகிறதா என்று தெரியவில்லை. பத்து நொடி என்றால் யோசிக்க மாட்டோம், ஸ்பானரைத் தேட வேண்டும் என்றால் யோசிப்போம், யோசித்தால் வேண்டாம் என்றுதான் முடிவு வரும். மூன்றரை நிமிஷம் பெரிய நேரமே இல்லை, ஆனால் ஒரு ரீப்பர் வெட்ட இருபது நொடிதான். எனக்கு இது அப்போதே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் போல்ட் இருந்த அந்த இரண்டு மாதத்தில் மூடி பலகை அடுக்கின் மேல் சாய்ந்து கிடந்ததை நானே பல முறை பார்த்தேன். பார்த்து, ஹோஸ் மடிந்துவிடுமே என்று நேராக்கி வைத்தேன். மூடியை மாட்டவில்லை, ஹோஸை நேராக்கினேன்.

பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் "என் தப்புதான் அண்ணே" என்றான். ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை. "சரி, ரெஸ்ட் எடு" என்றேன்.

போல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். பழைய லீவரைத் திரும்ப வைத்து, ஹோஸின் கனத்தை மூடி தாங்காதபடி மேலிருந்து ஒரு தாங்குகை பொருத்தி அதில் கட்டினேன். ஹோஸ் நுனியில் ரப்பர் வளையம், இழுத்தால் வந்துவிடும், அழுத்தினால் உட்காரும். மொத்தம் பதினொரு நொடி, இந்த முறை அளந்துவிட்டேன், வேறு இரண்டு பேரை விட்டும் அளந்தேன். ஆனால் வளையத்தைச் சுற்றிக் காற்று கசிகிறது, இழுவை முன்பு போல இல்லை. டார்ச் அடித்தால் வெளிச்சத்தில் கொஞ்சம் தூள் நிற்கிறது. எவ்வளவு தூளுக்கு எவ்வளவு நொடி என்று யாரும் எனக்குக் கணக்குச் சொல்லித்தரவில்லை. விரல் போனால் அன்றைக்கே தெரிகிறது, மூச்சு போவது இருபது வருஷம் கழித்துத் தெரியும், அதனால் நாம் விரல் பக்கம் சாய்கிறோம், அது சரியா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. ஒரு நாள் போல்ட்டே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். அடுத்த நிமிஷம் பையன் பெருவிரலை ஓரமாக வைத்துக்கொண்டு ஸ்க்ரூ பொறுக்குவதைப் பார்த்தேன்.

பையனுக்கு அடிபட்ட பிறகு மேஸ்திரியிடம் நேராகக் கேட்க எனக்கு ஆறு மாதம் ஆனது. அவருக்கு அன்றே தெரிந்திருந்தது, அதனால்தான் கேட்டார், என் பதிலைக் கேட்டு மரியாதைக்காகப் பேசாமல் போய்விட்டார் என்பதுதான் என் கணக்கு. அவர் மேல் ஒரு கோபமும் இருந்தது, ஒளிப்பானேன். தெரிந்திருந்தால் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. முப்பது வருஷ அனுபவத்தை ஒற்றைக் கேள்வியில் வைத்துவிட்டுப் போனால் எனக்கு எப்படிப் புரியும்?

"அன்னைக்கு ஏண்ணே அப்படிக் கேட்டீங்க, கழட்டி மாட்ட எவ்வளவு நேரம்னு?"

அவர் சாண்ட்பேப்பரை மடித்துக்கொண்டே யோசித்தார். "நான் கேட்டேனா?"

"கேட்டீங்கண்ணே. ஹோஸ் மாட்டின அன்னைக்கு."

"துடைக்கிறதுக்குக் கேட்டிருப்பேன். உள்ள தூள் அப்பிக்கிட்டா பிளேடு தெரியாதுல்ல" என்றார்.

அவ்வளவுதான். எட்டு மாதமாக நான் எச்சரிக்கை என்று நினைத்துச் சுமந்தது, மூடி துடைப்பதைப் பற்றிய விசாரணை. அதிலும் அவர் சொன்னது சரி. எம்டிஎஃப் தூள் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரத்தால் ஒட்டிக்கொள்ளும், வேக்குவம் எவ்வளவு இழுத்தாலும் உள்பக்கம் ஒரு வெள்ளைப் படலம் நிற்கும், அதைப் பற்றியும் நான் யோசித்திருக்கவில்லை. யாரோ தின்னர் போட்டுத் துடைத்து ஒரு மூலையில் பாலிகார்பனேட் மயிரிழை மயிரிழையாக விரிந்து போயிருக்கிறது. யாரோ என்ன, நான்தான்.

அவர் திரும்பித் தேய்க்க ஆரம்பித்தார். கைத்தேய்ப்பு, ஜன்னல் பக்கம், மாஸ்க் கிடையாது. வெயிலில் அவர் கையைச் சுற்றி எழும்பிய தூள் எந்த மெஷினுக்கும் எந்த ஹோஸுக்கும் சம்பந்தமில்லாதது. இருமினார், புறங்கையால் வாயைத் துடைத்தார், தேய்த்தார். இத்தனை நாள் அந்த இருமல் டேபிள் சாவிலிருந்து வருகிறது என்று எதை வைத்து நினைத்தேன்?

சாயங்காலம் மூடியைக் கழற்றி ஈரத்துணியால் உள்பக்கம் துடைத்தேன். பையன் பக்கத்தில் நின்று ஹோஸைப் பிடித்துக்கொண்டான், இடது கையால், பெருவிரலை மட்டும் நீட்டி. "கொடுங்கண்ணே, நான் மாட்டுறேன்" என்றான். கொடுத்தேன். முதல் தடவை சரியாக உட்காரவில்லை, இரண்டாவது தடவை உட்கார்ந்தது.