பதினெட்டு முடிகிற மாதம்

மே 12, 2025, திங்கள்

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து குழந்தைகள் இல்லத்தில் ஒரே கொண்டாட்டம். அங்கே வளரும் ஒரு பெண்ணுக்கு நல்ல மார்க். (பெயர் எழுதப் போவதில்லை, 'அவள்' போதும்.) பி.காம். படிக்க ஆசை. ஜூன் 18-ல் பதினெட்டு முடிகிறது. அதன்பிறகு குழந்தைகள் இல்லத்தில் இருக்க முடியாது.

இப்படி வெளியேறுகிறவர்களுக்குப் பண உதவி உண்டு என்று இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 46-ஆம் பிரிவு சொல்கிறது. பிற்காப்பு என்று பெயர், இல்லத்தை விட்டுப் போன பிறகும் தொடரும் உதவி. விதிகளின்படி 21 வயது வரை. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய். ஆனால் இவளுக்கான கோப்பை இன்னும் யாரும் திறக்கவில்லை. இல்லத்தில் கேட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கைகாட்டுகிறார்கள். அலகில் கேட்டால் குழந்தைகள் நலக் குழு. குழுவோ, இல்லத்திலிருந்து முன்மொழிவு வரட்டும் என்கிறது. பிறந்த தேதி மட்டும் மூன்று பதிவேட்டிலும் இருக்கிறது!

மே 15, வியாழன்

தாலுகா அலுவலகம். சாதிச் சான்றிதழுக்கு, "அப்பா சான்றிதழ் எங்கே?" என்றார்கள். பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாருமில்லாமல், அரசு இல்லத்திலோ அரசு அங்கீகரித்த இல்லத்திலோ வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இடம் உண்டு. பட்டியலை அச்செடுத்துக் கொண்டு போயிருந்தேன். எழுத்தர் நிதானமாகப் படித்துவிட்டு, "இப்படி ஒண்ணு இருக்கா மேடம்?" என்றார். நல்ல மனிதர், வாங்கி வைத்துக்கொண்டார்.

சரி, ஆதாரம்? பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்களும், அவளை இல்லத்தில் சேர்த்த உத்தரவும் வேண்டும். உத்தரவு பழைய மாவட்டத்தில் கிடக்கிறது. பிள்ளையை இங்கே மாற்றியவர்கள் கோப்பை அனுப்பவில்லை.

மே 20, செவ்வாய்

பஸ்ஸில் வரும்போது கேட்டாள்: "அக்கா, எங்கம்மா எப்படி செத்தாங்கன்னு இன்னும் எத்தனை பேர்கிட்ட சொல்லணும்?"

எண்ணிப் பார்த்தேன். இல்லத்தில், அலகில், ஆலோசகரிடம், தாலுகாவில். இனி கல்லூரியிலும் விடுதியிலும் கேட்பார்கள். யாருக்கும் அந்த விவரம் தேவையே இல்லை, உத்தரவு எண் போதும். ராத்திரி உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் தட்டச்சு செய்தேன். எந்த ஆவணம், எங்கே இருக்கிறது, யார் வாங்க வேண்டும், எந்தத் தேதிக்குள். அம்மா இறந்த விதம் அதில் கிடையாது.

காலையில் அவளிடம் காட்டினேன். அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தாள்: தம்பி பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறான், ஞாயிறு போய்ப் பார்க்கிற தூரத்தில் காலேஜ் வேண்டும். பையன்களுக்குத் தனி இல்லம், அதனால் பிரிந்தவர்கள். கல்லூரி விண்ணப்பம் நிரப்பியபோது கட்ஆஃப் பார்த்தோம், விடுதி பார்த்தோம். தம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியால் கல்லூரி வரிசையே மாறிவிட்டது.

மே 27, செவ்வாய்

ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் பெரிய கூட்டங்களில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. நிகழ்ச்சி நிரல் நீளம், ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். இன்று இல்லத்து வராண்டாவிலேயே நாலு பேர் உட்கார்ந்தோம்: கண்காணிப்பாளர், அலகு அலுவலர், நான், அவள். அந்த ஒரு பக்கம்தான் நடுவில். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் போட்டோம். இரண்டு பெயர் போட்டால் இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். பிற்காப்பு முன்மொழிவு அங்கேயே கையெழுத்தானது.

ஜூன் 4, புதன்

வங்கி. கணக்கு அவள் பெயரும் பழைய கண்காணிப்பாளர் பெயரும் சேர்ந்தது. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். பதினெட்டு ஆனதும் புதிதாக கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுக்கும்வரை பணம் எடுக்க முடியாது. அதாவது கல்லூரிக் கட்டணம் கட்டுகிற வாரத்தில் கணக்கு பூட்டிக்கொள்ளும். படிவங்களை இப்போதே நிரப்பி வைத்தாயிற்று. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இதே கணக்கில்தான் வர வேண்டும். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்பதற்குப் பழைய பள்ளி உடனே சான்று கொடுத்துவிட்டது. இந்த அலைச்சலில் சுலபமாக முடிந்தது அது ஒன்றுதான்.

ஜூன் 13, வெள்ளி

கலந்தாய்வில் இடம் கிடைத்தது, தம்பி இருக்கும் ஊரிலிருந்து ஒரு பஸ். பிற்காப்பு உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் இனி அவள் வேறு மாவட்டத்துப் பிள்ளை. அங்குள்ள அலகு அலுவலரை அழைத்து, அவளிடம் கேட்டுக்கொண்டு அவள் போன் எண்ணைக் கொடுத்தேன். அந்த ஒரு பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "கோப்பு எப்போ வரும்?" என்றார். இங்கிருந்து புதன்கிழமையே தபாலில் போட்டுவிட்டார்களாம். தபால் அனுப்பிய ரசீது எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன், திங்களன்று மறுபடி கூப்பிட வேண்டும்.