மூலக்கொத்தளம் போகும் வழியில் கேட்ட பாட்டு

பிரேயர், பிரம்படி, கேட்டுக்கு வெளியே மிளகாய்த்தூள் தூவி விற்ற மாங்காய் எல்லாவற்றையும் நம்ம பழைய மாணவர் சங்கத்தின் போன மலரிலேயே பலபேர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதனால் நான் பாட்டைப் பற்றி எழுதுகிறேன், அதுவும் நம்ம பள்ளியில் பெஞ்சு தட்டிப் பாடினால் முட்டி போட வைத்த பாட்டைப் பற்றி.

சென்னைக் கானாதான். அதிலும் சாவு வீட்டில் பாடுகிற மரண கானா.

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற ஊர்வலம் நம்ம வகுப்பு ஜன்னலைத் தாண்டித்தான் போகும் என்பது வண்ணாரப்பேட்டைக்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. முந்தின ராத்திரியே சாவு வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, ஒரு டோலக், ஒரு புல்புல்தாரா, விடிய விடியப் பாட்டு. பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடியும். செத்தவர் பேரைச் சொல்லி, அவர் ஹார்பரில் மூட்டை தூக்கியது, குடித்தது, கடன் வைத்தது, யாரைத் தவிக்க விட்டுப் போனார் என்பது வரை ஒன்றையும் மறைக்காமல் பாடுவார்கள். எழுந்து வா, எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வரி இருக்காது. போனவன் போனவன்தான்.

தமிழய்யா ஒருநாள் பட்டினத்தார் நடத்திக்கொண்டிருந்தபோது வெளியே ஊர்வலம் போனது. நாங்கள் சிரித்தோம். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "நான் இங்க சொல்றதத்தாண்டா அவன் அங்க பாடிக்கினு போறான், ஒழுங்கா கேளுங்க" என்றார். பட்டினத்தார் சமாதி திருவொற்றியூரில், சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கியிருப்பது ராயபுரத்தில். பழைய கானாக்காரர்கள் இவர்கள் பாட்டையும் பாடுவார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்புறம் கனடா. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் அமைந்து, இனிமேல் என்ன குறை என்று ஊரில் பேசிக்கொண்ட நேரத்தில்தான் எனக்கு டிப்ரெஷன் வந்தது. என்ன காரணம் என்று எல்லோரும் கேட்டார்கள், எனக்கும் அதுதான் புரியவில்லை. டொராண்டோவில் நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும், ஆனால் எனக்குக் காலையிலேயே அப்படித்தான் இருந்தது. குளிக்கப் போக மனம் வராது, சோறு வாயில் மண்ணாக இருக்கும், அம்மா போன் செய்தால் "சாப்ட்டேம்மா, நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன். நண்பர்கள் தன்னம்பிக்கைப் பாட்டாக அனுப்பித் தள்ளினார்கள். பாவம், நல்ல எண்ணம்தான். ஆனால் அதைக் கேட்கக் கேட்க, ஊரே எழுந்து ஓடுகிறது, நான் மட்டும் எதற்கும் உதவாதவன் என்றுதான் தோன்றியது.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபைத் தள்ளிக்கொண்டே போனபோது, யாரோ போனில் பிடித்துப் போட்ட கானா ஒன்று வந்தது. ஒரு பையன், அவனும் தூங்கவில்லையாம், யாரிடம் சொல்வது என்று தெரியவில்லையாம், அவ்வளவுதான் பாட்டு. ஆறுதல் சொல்லவில்லை, யோசனை சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதற்கு முன்னால் அழக்கூட வராமல்தான் கிடந்தேன். மறுநாள் காரில் அதையே போட்டு, "எனக்கும் இப்படித்தான் இருக்கு" என்று மனைவியிடம் சொன்னேன். பாட்டு எனக்குச் செய்தது அதுதான், வாயைத் திறக்க வைத்தது. குணப்படுத்தியது டாக்டரும் மாத்திரையும், அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் 1871இலிருந்து கீழ்ப்பாக்கத்தில் ஒரு மனநல மருத்துவமனை இருப்பதால் அந்தப் பேரையே கேலிக்கு வைத்து வளர்ந்தவர்கள் நாம், வாயைத் திறக்காமல் டாக்டரிடம் போயிருப்பேனா?

என் பையன் லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டுக் கேட்கிறான். அதில் பாடிய செஸ்டர் பென்னிங்டன் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர், 2017இல் தற்கொலை செய்துகொண்டார். இதைக் கேட்டால் பிள்ளை மனசு கெட்டுவிடுமே என்று வீட்டில் பயந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். இங்கிலீஷ் கத்தல் பாதி புரியவில்லை, ஆனால் அவன் ஏன் கேட்கிறான் என்பது புரிந்தது. அதற்குப் பிறகு, தனியாகக் கேட்காதே, கூப்பிடு என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லா கானாவும் உசத்தி என்று சொல்ல வரவில்லை, பெண்களைத் திட்டி வருகிற கானாக்களை என்னால் கேட்க முடியாது. இருந்தாலும் அதே கீழ்ப்பாக்கத்தில் 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவின் முதல் கச்சேரியில் கானா பெரிய மேடை ஏறிவிட்டது. நம்ம சங்க ஆண்டு விழா மேடை மட்டும் இன்னும் பழைய சினிமாப் பாட்டோடு நிற்கிறது.

ஆகவே செயலாளருக்கு இதன் மூலமே கேட்டுக்கொள்கிறேன்: இந்த வருடம் அரை மணி நேரம் எனக்குக் கொடுங்கள். புல்புல்தாராவுக்கு மிசிசாகாவில் ஒரு ஆள் கிடைத்துவிட்டார். டோலக் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெஞ்சு போதும்.